துல்லியம் தந்த பெயர்

நுழையும்முன்

கடையில் ஒரு பொருளை எடுத்தவுடன் அதன் பெயரைப் பார்க்கிறோம். பெயர் அறிந்ததாக இருந்தால் நம்பி வாங்குகிறோம். அந்த நம்பிக்கையைச் சேர்த்தவர் யார்? அதைச் சேர்க்க எத்தனை ஆண்டுகள் ஆயின? சேர்த்த நம்பிக்கை தேய்ந்துபோவதும் உண்டா? அமெரிக்காவின் பழம்பெரும் மகிழுந்துகளுள் ஒன்றான காடிலாக்கின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

கொடையிற் சிறந்த ஒருவரைக் கண்டால், 'அவர் ஒரு கர்ணன்' என்கிறோம். பொய்யுரைக்க அஞ்சுபவரை 'அரிச்சந்திரன்' என்கிறோம். ஒருவருக்கே உரிய இயற்பெயர், ஒரு பண்பின் பெயராக மாறிவிடும் மொழிவழக்கு இது. அமெரிக்கர்களின் பேச்சில் இத்தகைய இடத்தைப் பெற்ற மகிழுந்துப் பெயர் ஒன்று உண்டு. கட்டிலோ கடிகாரமோ குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியோ எதுவாயினும், தன் இனத்தில் அதுவே தலைசிறந்தது என்று கூற விரும்பினால், 'இது இவ்வகையின் காடிலாக்' என்பர். 2010ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், செலவு மிகுந்த காப்பீட்டுத் திட்டங்களின்மீது ஒரு வரியை விதித்தது. அதனை மக்கள் 'காடிலாக் வரி' என்றே அழைத்தனர். நடைமுறைக்கு வருமுன்பே அந்த வரி 2019இல் நீக்கப்பட்டது. எனினும் பெயர் நின்றுவிட்டது.

ஒரு தொழிற்சாலையின் பெயர் மக்களின் நாவில் உயர்வுக்கு உவமையாக அமைவது எளிதன்று. விளம்பரத்தால் மட்டும் அது நிகழ்வதுமில்லை. காடிலாக் அப்பெயரை ஈட்டிய விதத்தையும், ஒரு காலத்தில் அதை ஏறத்தாழ இழந்த விதத்தையும் அறிவது, தொழில் கற்கவிருக்கும் எவருக்கும் பயன்தரும்.

இரவல் பெயர்

1701ஆம் ஆண்டு அந்துவான் லோமே என்னும் பிரெஞ்சுக்காரர், வட அமெரிக்காவின் ஆற்றங்கரை ஒன்றில் கோட்டை ஒன்றை நிறுவினார். அக்கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊரே இன்றைய டெட்ராய்ட் நகரம். பிரான்சில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், புதிய நிலத்திற்கு வந்தபின் 'காடிலாக்' என்னும் பிரபுப் பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டார். உயர்குடிக்குரிய சின்னம் ஒன்றையும் தமக்கென வகுத்துக்கொண்டார். இருநூறு ஆண்டுகள் கழித்து டெட்ராய்டில் தோன்றிய மகிழுந்து நிறுவனம், நகரை நிறுவியவரின் நினைவாக அப்பெயரையும் சின்னத்தையும் ஏற்றது. ஆக, பெயரோடு வந்த பெருமை இரவற் பெருமையே. உண்மையான பெருமையை அந்நிறுவனம் உழைத்தே பெறவேண்டியிருந்தது.

நிறுவனம் பிறந்த கதையும் சுவையானது. 1901இல் ஹென்றி ஃபோர்டு, முதலீட்டாளர்கள் சிலருடன் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். கருத்து வேறுபாட்டால் 1902இல் அதிலிருந்து விலகினார். மனம் தளர்ந்த முதலீட்டாளர்கள் தொழிற்சாலையை விற்றுவிட எண்ணினர். எந்திரங்களின் மதிப்பைக் கணித்துச் சொல்லுமாறு ஹென்றி லீலண்ட் என்னும் பட்டறிவுமிக்க தொழில்வல்லுநரை அழைத்தனர். வந்தவர் மதிப்பைக் கணித்தார். அத்துடன் தொழிலைக் கைவிட வேண்டா என்றும் அறிவுறுத்தினார். தாம் வடிவமைத்து வைத்திருந்த ஒற்றை உருளை எந்திரத்தை அவர்களிடம் காட்டினார். விற்பனைக்கு வந்த தொழிற்சாலை, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் காடிலாக் நிறுவனமாக மறுபிறப்பு எடுத்தது.

ஆயிரத்தில் ஒரு பங்கு

லீலண்ட் 1843இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றினார். போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் உறுப்பு உடைந்தால், மற்றொரு துப்பாக்கியின் உறுப்பை எடுத்துப் பொருத்த முடியவேண்டும். இல்லையேல் வீரர் வெறுங்கையுடன் நிற்க நேரும். எனவே அங்கு ஒவ்வோர் உறுப்பும் ஒரே அளவில் செய்யப்பட்டது. பின்னர் அவர், அளவுக்கருவிகள் செய்வதில் புகழ்பெற்ற பிரௌன் அண்டு ஷார்ப் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கில் கொள்ளும் பழக்கம் அவருக்கு இவ்விரு இடங்களிலும் ஊறியது. மனிதரின் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைந்த அளவு அது.

இதன் அருமையை உணர, அக்கால மகிழுந்துத் தொழில் எவ்வாறு இருந்தது என்பதை அறிதல் வேண்டும். அன்று பெரும்பாலான மகிழுந்துகள் கைவினைப் பொருள்களைப் போன்றே உருவாயின. உறுப்புகள் தோராயமான அளவில் வார்க்கப்படும். தொழிலாளர் ஒருவர் அரத்தால் தேய்த்தும் சுத்தியலால் தட்டியும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வார். வண்டி ஓடும்; ஆயினும் அதே நிறுவனத்தின் மற்றொரு வண்டியின் உறுப்பு அதற்குப் பொருந்தாது. உறுப்பு ஒன்று பழுதானால், புதிய உறுப்பை மீண்டும் அரத்தால் தேய்த்தே இணைக்கவேண்டும். ஐரோப்பாவின் விலையுயர்ந்த வண்டிகளும் இம்முறையிலேயே செய்யப்பட்டன. கையால் தேய்த்துப் பொருத்துவதே உயர்ந்த வேலைப்பாடு என்னும் கருத்தும் அங்கு நிலவியது.

லீலண்ட் இக்கருத்தை ஏற்கவில்லை. உறுப்பைத் தேய்த்துப் பொருத்த நேர்ந்தால், அதைச் செய்த எந்திரத்திலோ அளவிலோ பிழை இருக்கிறது என்பது அவர் கொள்கை. பிழையை வண்டியில் மறைப்பதைவிட, அது பிறந்த இடத்திலேயே களையவேண்டும் என்று அவர் தொழிற்சாலையில் விதித்தார். அளவு தவறிய உறுப்புகள் தயக்கமின்றி ஒதுக்கப்பட்டன.

721 உறுப்புகள்

இக்கொள்கைக்கு 1908இல் ஒரு சோதனை வந்தது. இங்கிலாந்தில் அமெரிக்க வண்டிகள் மலிவானவை, தரம் குறைந்தவை என்னும் எண்ணம் பரவியிருந்த காலம் அது. காடிலாக்கின் இலண்டன் முகவரான ஃபிரெடரிக் பென்னட், அவ்வெண்ணத்தை மாற்ற விரும்பினார். அந்நாட்டின் அரச மகிழுந்துக் கழகம் நடத்திய ஒருமைப்பாட்டுத் தேர்வில் தம் வண்டிகளைச் சேர்த்தார்.

பிப்ரவரி 29 அன்று தேர்வு தொடங்கியது. விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த வண்டிகளிலிருந்து மூன்று ஒற்றை உருளை வண்டிகள் எடுக்கப்பட்டன. புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அவை ஓட்டிப் பார்க்கப்பட்டன. பின்னர், கழகத்தினரின் கண்காணிப்பில், ஒவ்வொரு வண்டியும் 721 உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்று வண்டிகளின் உறுப்புகளும் ஒரே குவியலாகக் கலக்கப்பட்டன. எது எந்த வண்டிக்குரியது என்று எவராலும் கூற இயலாத நிலை ஏற்பட்டது. அதன்பின், மிகுந்த துல்லியம் தேவைப்படும் 89 உறுப்புகளைக் கழகத்தினர் குவியலிலிருந்து எடுத்துப் பூட்டி வைத்தனர். அவற்றுக்கு மாற்றாக முகவரின் இருப்பிலிருந்து புதிய உறுப்புகள் தரப்பட்டன.

இப்போது அக்குவியலிலிருந்து மூன்று வண்டிகளை மீண்டும் உருவாக்கவேண்டும். அரத்திற்கு அனுமதி இல்லை. ஸ்பானரும் திருப்புளியும் மட்டுமே துணை. பணியாளர் மூன்று வண்டிகளையும் பூட்டி முடித்தனர். உறுப்புகள் கலந்துவிட்டமையால் வண்டிகள் பல வண்ணத் திட்டுகளுடன் கோமாளியின் உடைபோலத் தோன்றின. எந்திரங்களை முடுக்கியதும் மூன்றும் இயங்கின. பந்தயத் தடத்தில் 500 மைல், அதாவது ஏறத்தாழ 800 கிலோமீட்டர், ஓடித் தேர்வை நிறைவு செய்தன. அவற்றுள் ஒன்று பூட்டி வைக்கப்பட்டு, அவ்வாண்டே நடந்த 2000 மைல் உறுதித் தேர்விலும் கலந்துகொண்டு தன் பிரிவில் வென்றது.

மகிழுந்துத் துறையில் ஆண்டின் சிறந்த சாதனைக்குக் கழகம் வழங்கும் டியூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. அமெரிக்க வண்டி ஒன்று அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை. 'உலகத்தின் தரஅளவு' என்னும் பொருள்படும் தொடரை நிறுவனம் தன் முழக்கமாக ஏற்றுக்கொண்டது. அத்தொடரில் மிகை இருக்கலாம். ஆயினும், அதன் பின்னே எவரும் பார்க்கக்கூடிய இடத்தில், நடுவர்களின் முன்னிலையில் செய்துகாட்டிய ஒரு மெய்ப்பிப்பு இருந்தது. அடுத்த ஆண்டே, பல மகிழுந்து நிறுவனங்களை ஒன்றிணைத்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் குழுமம் காடிலாக்கை விலைக்கு வாங்கியது. லீலண்டே தொடர்ந்து பொறுப்பில் இருந்தார்.

தெரியுமா?

லீலண்ட் 1917இல் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து விலகி, தம் இளமையில் முதன்முதலாக வாக்களித்த குடியரசுத் தலைவரின் பெயரால் 'லிங்கன்' என்னும் மற்றொரு நிறுவனத்தைத் தொடங்கினார். அது நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 1922இல் 80 இலட்சம் டாலருக்கு அதனை வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு. ஃபோர்டு விட்டுச்சென்ற தொழிற்சாலையில் வாழ்வு கண்டவரின் நிறுவனம், இறுதியில் ஃபோர்டின் கையையே அடைந்தது. அமெரிக்காவின் இரு பெரும் உயர்வகை மகிழுந்துகளும் ஒரே மனிதரால் தொடங்கப்பெற்றவை.

கைப்பிடியிலிருந்து விடுதலை

அன்றைய மகிழுந்தை இயக்கத் தொடங்குவது வலிமையும் துணிவும் வேண்டிய செயல். வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி வேகமாகச் சுழற்றவேண்டும். எந்திரம் சில வேளைகளில் எதிர்த்திசையில் உதைக்கும். அப்போது கைப்பிடி திரும்பி அடித்து, மணிக்கட்டை முறித்துவிடும். லீலண்டின் நண்பரும் மகிழுந்து வடிவமைப்பாளருமான பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு வண்டிக்கு உதவப்போய் இவ்வாறு அடிபட்டு, அதன் தொடர்ச்சியாக 1908இல் இறந்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. அதன் நுட்பங்கள் குறித்து ஆய்வாளரிடையே வேறுபாடு உண்டு. கைப்பிடியை ஒழிக்கவேண்டும் என லீலண்ட் உறுதிகொண்டார் என்பதில் ஐயமில்லை.

தீர்வு கண்டவர் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். எந்திரத்தைச் சுழற்றுமளவு ஆற்றலுள்ள மின்னோடியை வண்டியில் வைக்க இடம் போதாது என்பதே அன்றைய பொறியாளர்களின் கருத்து. கெட்டரிங் முன்னர்க் கடைகளில் பணம் பெறும் பெட்டியை மின்சாரத்தால் திறக்கும் அமைப்பை உருவாக்கியவர். அப்பெட்டியின் மின்னோடி நாள் முழுவதும் ஓடுவதில்லை. சில நொடிகள் மட்டுமே முழு விசையுடன் இயங்கிவிட்டு ஓய்வெடுக்கும். எனவே சிறிய மின்னோடியும் பெரிய வேலையைச் செய்யும். இதே உண்மையை அவர் மகிழுந்துக்குப் பொருத்தினார். எந்திரம் ஓடத் தொடங்கியதும் அம்மின்னோடியே மின்னாக்கியாக மாறி மின்கலத்திற்கு மின்னூட்டும். விளக்குகளுக்கும் அதிலிருந்தே மின்சாரம் கிடைக்கும்.

1912ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகள் இவ்வமைப்புடன் வெளிவந்தன. நிறுவனத்திற்கு இரண்டாம் முறையாக டியூவர் கோப்பை கிடைத்தது. கோப்பையினும் பெரிய விளைவு தெருவில் நிகழ்ந்தது. உடல்வலிமை மிக்க ஆடவர் துணையின்றிப் பெண்களும் முதியோரும் தாமே வண்டியை இயக்கிச் செல்ல முடிந்தது. இயக்குவதற்கு எளியவை என்று அதுவரை விரும்பப்பட்ட மின்சார மகிழுந்துகள், அச்சிறப்பை இழந்து மெல்ல மறைந்தமைக்கு இக்கண்டுபிடிப்பும் ஒரு காரணம்.

1914இல் காடிலாக் எட்டு உருளைகளை ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அமைத்த எந்திரத்தைப் பெருமளவில் உருவாக்கி விற்கத் தொடங்கியது. முதலில் வந்த வண்டிகள் சிலவற்றில் மின்னமைப்புக் கோளாறுகள் தோன்றவே, போட்டியாளர் எள்ளி நகையாடினர். அதற்கு விடையாக, விளம்பர எழுத்தாளர் தியோடர் மக்மேனஸ் எழுதிய கட்டுரை 1915 ஜனவரி 2 அன்று ஒரு வார இதழில் வெளிவந்தது. முன்னணியில் நிற்பவர் பழிச்சொல்லுக்கும் பொறாமைக்கும் ஆளாவது இயல்பு என்பதே அதன் கருத்து. மகிழுந்தைப் பற்றியோ எந்திரத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பொருளைப் பற்றிப் பேசாமல் பெயரின் மதிப்பைப் பற்றி மட்டும் பேசிய அவ்விளம்பரம், விளம்பரக்கலை வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

விற்க மறுக்கப்பட்டவர்கள்

1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன், தம் குழுமத்தின் மகிழுந்துகளை ஏணிப்படிகளைப்போல் வரிசைப்படுத்தினார். முதற்படியில் செவ்ரலே, உச்சியில் காடிலாக். வருவாய் உயர உயர மக்கள் ஒவ்வொரு படியாக ஏறவேண்டும் என்பது அவர் திட்டம். 1930இல் காடிலாக் பதினாறு உருளைகள் கொண்ட மகிழுந்தையே அறிமுகம் செய்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1929 அக்டோபரில், பங்குச்சந்தை சரிந்து பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியிருந்தது. ஏணியின் உச்சியை எட்டக்கூடியவர்கள் அருகினர். காடிலாக்கை மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது.

இவ்விடத்தில், அந்நிறுவனத்தின் வரலாற்றில் மறைக்கலாகாத ஒரு செய்தி உண்டு. அன்று கறுப்பின மக்களுக்குக் காடிலாக்கை விற்பதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கையாக இருந்தது. வெள்ளையரான செல்வர்கள் மட்டுமே ஓட்டும் வண்டி என்னும் தோற்றத்தைக் காப்பதே அதன் நோக்கம். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் தம் நினைவுக்குறிப்புகளில் இது பற்றி எழுதியுள்ளார். பழுதுபார்ப்புப் பிரிவின் பொறுப்பாளராயிருந்த நிக்கோலஸ் ட்ரைஸ்டாட், பல ஊர்களின் பணிமனைகளுக்குச் சென்றபோது, கறுப்பின மருத்துவர்களும் குத்துச்சண்டை வீரர்களும் இசைக்கலைஞர்களும் தங்கள் காடிலாக் வண்டிகளைக் கொண்டுவருவதைக் கண்டார். நேரடியாக வாங்க இயலாமையால், வெள்ளையர் ஒருவருக்குப் பணம் கொடுத்து அவர் பெயரில் அவர்கள் வண்டியை வாங்கியிருந்தனர்.

நல்ல குடியிருப்புகளில் வீடு வாங்கவும் உயர்ந்த உணவகங்களில் அமரவும் அவர்களுக்குத் தடை இருந்த காலம் அது. உழைத்து ஈட்டிய செல்வத்தைக் கண்ணியத்துடன் செலவிடும் வழிகளுள் எஞ்சியிருந்தது மகிழுந்து ஒன்றே. பேருந்திலும் தொடர்வண்டியிலும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்க்குச் சொந்த வண்டி என்பது அவமதிப்பிலிருந்து காக்கும் கூடாகவும் இருந்தது. வேறொருவர்க்குத் தரகு கொடுத்தாவது வாங்கத் துணிந்த இம்மக்களுக்கு நேரடியாகவே விற்கலாம் என்று ட்ரைஸ்டாட் நிறுவனத்தின் தலைமையிடம் வாதிட்டார். கொள்கை மாறியது; விற்பனை உயர்ந்தது; 1934இல் அவரே காடிலாக் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இம்மாற்றம் வணிக இழப்பைத் தவிர்க்க நிகழ்ந்ததேயன்றி, நீதி உணர்வால் நிகழ்ந்ததன்று. ஆயினும் அதன் விளைவு ஆழமானது. கறுப்பின மக்கள் ஏன் காடிலாக்கை விரும்புகின்றனர் என்பதை விளக்கி, அம்மக்களின் புகழ்பெற்ற இதழான எபனி, 1949இல் ஒரு தலையங்கமே எழுதியது. யாரை விலக்குவதால் தன் மதிப்பு நிலைக்கும் என்று அந்நிறுவனம் எண்ணியதோ, அவர்களே அதன் பெயரை இடர்க்காலத்தில் தாங்கினர்.

வால்துடுப்புகளின் காலம்

இரண்டாம் உலகப் போரின்போது காடிலாக் தொழிற்சாலைகள் படைக்கலங்களைச் செய்தன. தன் மகிழுந்து எந்திரங்களையே பொருத்திய இலகு வகைப் பீரங்கி வண்டிகளை அவை உருவாக்கின. போருக்குப் பின் வந்த இருபது ஆண்டுகள் அதன் பொற்காலம். 1949இல் நிறுவனம் தன் பத்து இலட்சமாவது மகிழுந்தைச் செய்து முடித்தது. அவ்வாண்டே எடை குறைந்த, ஆற்றல் மிகுந்த புதிய எட்டு உருளை எந்திரத்தையும் அறிமுகம் செய்தது.

மக்களின் கண்ணைக் கவர்ந்தது, வண்டியின் பின்புறத்தில் மீனின் துடுப்புபோல் எழுந்த உலோக அமைப்பு. வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லும் அவருடைய குழுவினரும் போருக்கு முன்னரே 'பி-38' என்னும் இரட்டை வால் போர்வானூர்தியைக் கண்டு வியந்திருந்தனர். அவ்வியப்பு 1948இல் சிறு துடுப்பாக வண்டியில் முளைத்தது. ஆண்டுதோறும் அது வளர்ந்தது. 1959ஆம் ஆண்டு வண்டியில் மிக உயர்ந்து, குண்டுபோன்ற இரட்டைச் செவ்விளக்குகளுடன் காட்சியளித்தது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் இளஞ்சிவப்புக் காடிலாக்கை இன்றும் அவருடைய இல்லமான கிரேஸ்லாண்டில் காணலாம்.

துடுப்புகளால் வண்டியின் வேகமோ உறுதியோ கூடவில்லை. அவை அழகுக்கும் ஆடம்பரத்திற்கும் உரியவை. எனினும், அக்காலத்தில் அலங்காரத்தின் அடியில் வலிய எந்திரமும் சீரிய வேலைப்பாடும் இருந்தன. அலங்காரம் தரத்திற்குத் துணையாக நின்றவரை பெயருக்கு ஊறு நேரவில்லை.

ஒட்டிய பெயர்

விற்பனை பெருகியதே சரிவின் தொடக்கமாயிற்று. 1978இல் ஏறத்தாழ 3.5 இலட்சம் காடிலாக் வண்டிகள் விற்பனையாயின. அரியதாக இருந்தது எங்கும் காணப்படும் பொருளாயிற்று. செலவைக் குறைக்க, குழுமத்தின் பல்வேறு பெயருடைய வண்டிகளுக்கு ஒரே கட்டமைப்பைப் பயன்படுத்தும் வழக்கமும் வலுத்தது. இதற்கிடையே 1973இன் எண்ணெய் நெருக்கடியால் எரிபொருள் விலை ஏறியது. பெரிய எந்திரங்களையே பெருமையாகக் கொண்டிருந்த நிறுவனம், சிக்கனமான வண்டிகளை விரைந்து தரவேண்டிய நெருக்கடிக்கு உள்ளாயிற்று.

விரைவு தரத்தைத் தின்றது. குழுமத்தின் மற்றொரு பிரிவு செய்த டீசல் எந்திரத்தைக் காடிலாக்கில் பொருத்தினர். அதன் தலைப்பகுதியை இறுக்கும் மரையாணிகள் டீசல் எந்திரத்தின் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. எரிபொருளிலிருந்து நீரைப் பிரிக்கும் அமைப்பும் அதில் இல்லை. 1981இல், தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு உருளைகளில் மாறி மாறி இயங்கும் எந்திரம் வந்தது. கருத்து சிறந்ததே, இன்று பல நிறுவனங்கள் அதனைப் பின்பற்றுகின்றன. ஆனால் அன்றைய கணினிக் கட்டுப்பாடு அவ்வேலைக்குப் போதிய விரைவுடையதாக இல்லை. உரிமையாளர் பலர் பணிமனைக்குச் சென்று அவ்வமைப்பையே துண்டித்துவிட்டனர்.

பெரும் இழுக்கு 1982ஆம் ஆண்டுக்குரிய 'சிமரான்' வண்டியால் வந்தது. ஐரோப்பியச் சிறுவண்டிகளுடன் போட்டியிட எண்ணி, குழுமத்தின் விலைகுறைந்த செவ்ரலே கவாலியர் வண்டியையே எடுத்து, தோலிருக்கையும் சில அணிகளும் சேர்த்து, காடிலாக் சின்னத்தை ஒட்டி, 12,000 டாலருக்கு மேல் விலை குறித்தனர். நான்கு உருளைகள் கொண்ட அதன் எந்திரம், எடைக்கு ஏற்ற ஆற்றலின்றித் திணறியது. வாங்குவோர் உண்மையை விரைவில் கண்டுகொண்டனர். 1988 வரை விற்பனையில் இருந்த அவ்வண்டி, ஒரு நல்ல பெயரைக் கெடுப்பது எவ்வாறு என்பதற்கு எடுத்துக்காட்டாக இன்றளவும் வணிகவியல் வகுப்புகளில் பேசப்படுகிறது.

இங்கே மாணவர்கள் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். 1908இல் காடிலாக்குக்குப் புகழ் தந்தது, ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டிக்குப் பொருந்தியமை. 1982இல் அதற்கு இகழ்ச்சி தந்ததும், ஒரு வண்டியின் உறுப்புகள் மற்றொரு வண்டிக்குப் பொருந்தியமையே. நிகழ்வு ஒன்றாயினும் உள்நோக்கம் வேறு. முன்னதில் ஒருமைப்பாடு துல்லியத்தின் சான்றாக நின்றது. நடுவரின் முன்னே வெளிப்படையாகக் காட்டப்பட்டது. பின்னதில் ஒருமைப்பாடு மறைக்கப்பட்டது. வேறுபாட்டுக்கெனக் கூடுதல் விலை கேட்கப்பட்டது. லீலண்டின் காலத்தில் வண்டி பெயருக்கு மதிப்பைச் சேர்த்தது. சிமரான் வந்தபோது, எழுபது ஆண்டுகளாகச் சேர்ந்த மதிப்பைப் பெயரிலிருந்து எடுத்து வண்டிக்கு விலையாக்கினர்.

மீட்சியின் பாதை

இழந்த நம்பிக்கையை மீட்க நீண்ட காலம் ஆயிற்று. தரமேம்பாட்டு முயற்சிகளுக்காக 1990இல் அமெரிக்க அரசின் மால்கம் பால்ட்ரிஜ் தேசியத் தர விருதைக் காடிலாக் பெற்றது. அதற்குள் ஜெர்மானிய, ஜப்பானிய நிறுவனங்களின் உயர்வகை வண்டிகள் அமெரிக்கச் சந்தையில் வேரூன்றிவிட்டன. 1990களின் இறுதியில் வந்த எஸ்கலேட் என்னும் பெருவண்டியும், குழுமத்தின் வேறொரு வண்டிக்குச் சின்னம் மாற்றியதாகவே தொடங்கியது. பின்வந்த பதிப்புகளில் அது தனித்தன்மை பெற்று, இசைக்கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் விரும்பும் வண்டியாயிற்று. 2002இல் வெளிவந்த 'சி.டி.எஸ்.' புதிய கட்டமைப்பையும் கூர்மையான வடிவத்தையும் கொண்டிருந்தது. அதன் விரைவு வகை 2008இல் ஜெர்மனியின் கடினமான நூர்பர்க்ரிங் தடத்தை 8 நிமிடங்களுக்குள் சுற்றி முடித்தது. முழக்கத்தால் பேசாமல், எவரும் அளந்து பார்க்கக்கூடிய தடத்தில் மெய்ப்பிக்கும் பழைய வழிக்கு நிறுவனம் திரும்பியது எனலாம்.

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நொடிப்பு நிலையை அறிவித்தது. அதனைத் தொடர்ந்த சீரமைப்பில் பான்டியாக் உள்ளிட்ட சில பெயர்கள் கைவிடப்பட்டன. நூறாண்டு கண்ட ஓல்ட்ஸ்மொபைல் 2004இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய சிலவற்றுள் காடிலாக்கும் ஒன்று. 2022இல் அது 'லிரிக்' என்னும் மின்சார மகிழுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நூற்றாண்டுக்கு முன் மின்சார வண்டிகள் மறையக் காரணமானவற்றுள் ஒன்றான நிறுவனம், இன்று மின்சார வண்டிகளின் சந்தையில் தன் இடத்தைத் தேடுகிறது. பழைய பெயர் அதற்கு முதல் அறிமுகத்தைத் தரும். அதன்பின் பேசவேண்டியது வண்டி.

புரூக்லாண்ட்ஸ் தடத்தில் குவிந்து கிடந்த உறுப்புகளைப் பொருத்தியவர்களுள் பலரின் பெயர்களை நாம் அறியோம். டெட்ராய்டில் அவ்வுறுப்புகளை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகாமல் கடைந்தெடுத்த தொழிலாளர்களின் பெயர்களையும் அறியோம். 'காடிலாக்' என்னும் ஒற்றைச் சொல்லில் அவர்கள் அனைவரின் உழைப்பும் தங்கியிருக்கிறது. நாளை நீங்கள் ஒரு பட்டறையிலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ பணியில் சேரும்போது, உங்களுக்கு முன் உழைத்தவர்கள் சேர்த்துவைத்த ஒரு பெயரின்கீழ்தான் அமர்வீர்கள். அன்று உங்கள் கையால் முடிக்கும் வேலை, அப்பெயரோடு சேரும்.

கலைச்சொல் அறிவோம்

மகிழுந்து – கார்
உருளை – சிலிண்டர்
மின்னோடி – மோட்டார்
மின்னாக்கி – ஜெனரேட்டர்
மின்கலம் – பேட்டரி
மரையாணி – போல்ட்
முகவர் – ஏஜென்ட்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நெடுங்காலமாக நற்பெயருடன் இயங்கும் கடை, பட்டறை அல்லது உணவகம் ஒன்றின் உரிமையாளரைச் சந்தித்து, அப்பெயர் எவ்வாறு கிடைத்தது எனக் கேட்டறிந்து இரு பக்க அளவில் எழுதுக.

2. 1908ஆம் ஆண்டு ஒருமைப்பாட்டுத் தேர்வையும் 1982ஆம் ஆண்டுச் சிமரான் வண்டியையும் ஒப்பிட்டு, இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை உங்கள் சொற்களில் விளக்குக.

3. 'ஒரு பொருளின் மதிப்பு, அதை வாங்க யாரை அனுமதிக்கிறோம் என்பதைப் பொறுத்ததா?' – ட்ரைஸ்டாட் கொண்டுவந்த மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

4. இயற்பெயர் ஒன்று பண்பையோ பொருளின் வகையையோ குறிக்கும் பொதுச்சொல்லாக மாறியமைக்குத் தமிழ் வழக்கிலிருந்து ஐந்து எடுத்துக்காட்டுகளைத் தொகுக்க.